மடியில் குழந்தை, கையில் கத்தி

கேள்வி: ஆப்பிரிக்க மரச் சிற்பங்களின் படங்களைப் பார்த்தேன். குழந்தை மார்போடு ஒட்டிக்கொண்டிருக்க, தாய் அதைக் குனிந்துகூடப் பார்க்காமல் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். பாசத்தைச் செதுக்கத் தெரியாத சிற்பிகளா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தெரியாமல் இல்லை, அம்மா. அவர்களிடம் யாரும் பாசத்தைச் செதுக்கித் தரச் சொல்லவில்லை. உங்கள் வர்ணனை தெற்கு மாலியில் வாழும் பமானா மக்களின் சிற்பங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. அங்கே புகுனி, டியோய்லா வட்டாரத்தில் 'குவான்' என்றொரு வழிபாடு உண்டு. கரு தங்காத பெண்களும் பேறுகாலம் சிக்கலாகிப்போன பெண்களும் நாடி வருவது அதைத்தான். ஆண்டு விழாவில் இந்தச் சிலைகளை வெளியே கொண்டுவந்து, கழுவி, எண்ணெய் பூசி, இடுப்புத் துணி கட்டி, மணிமாலை அணிவித்து உட்கார வைப்பார்கள். தனக்கும் ஒன்று பிறக்காதா என்று எதிரே நிற்கிறவளைத்தான் அந்தத் தாய் பார்க்கிறாள் என்பது என் கணிப்பு. மடிக் குழந்தைக்கு என்ன, அதுதான் கிடைத்துவிட்டதே!

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இப்படி ஒருத்தி இருக்கிறாள். 123.5 செ.மீ. உயரம். முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்: கத்தி கட்டியிருக்கிறாள். தலையில் தாயத்துகள் கோத்த தொப்பி. இரண்டும் பேர்பெற்ற வேட்டைக்காரர்கள் அணிபவை. பிள்ளை பெறுவதை வேட்டைக்குச் சமமான வீரமாக எண்ணிய ஊர். அவளைப் பிள்ளையைக் கொஞ்சுகிறவளாகவா உட்கார வைப்பார்கள்?

கேள்வி: 'அக்குவாபா' என்பதும் தாய் சேய் சிற்பம்தானா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: சிற்பத்தில் சேய் மட்டும்தான் உண்டு, தாய் உயிரோடு நடமாடுகிறவள். கானாவின் அசாந்திப் பெண்கள் பிள்ளை வேண்டி இந்த மரப்பொம்மையைச் சேலைபோல் சுற்றிய துணிக்குள் செருகி முதுகில் சுமப்பார்கள். அக்குவா என்பவள் முதலில் சுமந்தாளாம். 'அக்குவாவின் குழந்தை' என்று ஊர் கேலி செய்ததாம். பிறகு அவளுக்குப் பெண் பிறந்ததாம். தாய்வழியில் குலம் தொடரும் சமூகம் என்பதால் பொம்மையும் பெரும்பாலும் பெண்தான். வேண்டுதல் பலித்தபின் கோவிலுக்குத் திரும்பும், அல்லது பிறந்த பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாகும்.

நண்பர் ஒருவர் அக்ராவிலிருந்து கொண்டுவந்தது என் மேசையில் நிற்கிறது. அப்பளம்போல் வட்டமான தட்டைத் தலை, கழுத்தில் அவசரமாகக் கீறிய மூன்று வளையங்கள். சுற்றுலாக்காரர்களுக்கென்று செய்தது, எவள் முதுகிலும் ஏறியதில்லை.