கேமரா கேள்வி–பதில்: மிரர்லெஸ்ஸா, சட்டைப்பை காம்பாக்ட்டா?

கேள்வி: என்னிடம் சோனி ஏ7 வரிசையின் நான்காம் மாடல் மிரர்லெஸ் கேமராவும் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய வகை), 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸும் இருக்கின்றன. கோயில் கோபுரங்களையும் சிற்பங்களையும் படமெடுப்பதில் ஈடுபாடு உள்ளவன். வயதாகிவிட்டதால் இந்தச் சுமையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிரகாரம் சுற்ற முடியவில்லை. இதை விற்றுவிட்டு, சட்டைப்பையில் அடங்கும் சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாம் மாடலை வாங்கலாம் என்று நினைக்கிறேன். படத்தின் தரத்தில் எவ்வளவு இழப்பேன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: எடையைப் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. ஏ7 நான்காம் மாடல் பேட்டரியும் மெமரி கார்டும் சேர்ந்து 658 கிராம். உங்கள் லென்ஸ் சோனியின் ஜிஎம் இரண்டாம் தலைமுறை என்றால் 695 கிராம். முதல் தலைமுறை என்றால் 886 கிராம். ஆக, ஒன்றரைக் கிலோவை ஒட்டிய சுமை உங்கள் தோளில் இருக்கிறது. ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடலின் எடை 302 கிராம் மட்டுமே. அதற்குள் 24 முதல் 200 மி.மீ. வரையிலான பார்வைக்கு ஈடான ஜூமும் அடங்கியிருக்கிறது.

இழப்பு எங்கே என்றால், சென்சாரின் பரப்பளவில். ஏ7 கேமராவின் ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. அளவுடையது, ஆர்எக்ஸ்100 கேமராவின் ‘ஒரு அங்குல’ சென்சார் பெயருக்குத்தான் ஒரு அங்குலம், உண்மையில் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. பரப்பளவில் ஏழு மடங்குக்கும் மேலான வித்தியாசம் என்பதால், ஒரே துளை எண்ணிலும் (எஃப் எண்; அது பெரிதாகப் பெரிதாக லென்ஸின் துளை சிறுக்கும்) ஒரே ஷட்டர் வேகத்திலும் பெரிய சென்சாருக்கு ஏழு மடங்கு ஒளி கிடைக்கிறது. நடைமுறையில், சிறிய கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800இல் தெரியும் புள்ளித் துகள்கள் பெரிய கேமராவில் ஏறக்குறைய ஐஎஸ்ஓ 6400இல்தான் தெரியத் தொடங்கும். மெகாபிக்சல் கணக்கைப் பொருட்படுத்த வேண்டாம். ஏ7இல் 33, ஆர்எக்ஸ்100இல் 20 என்றாலும், 20 மெகாபிக்சல் படத்தை 12க்கு 18 அங்குல அளவில் குறையில்லாமல் அச்சிடலாம்.

ஆனால் இந்த ஏழு மடங்கு ஒளியை நீங்கள் எப்போதும் பயன்படுத்திக்கொள்கிறீர்களா என்பதையே நான் கேட்க விரும்புகிறேன். பிரகாரத்தின் நீண்ட தூண் வரிசையைப் படமெடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள தூணும் கடைசித் தூணும் ஒருசேரத் தெளிவாக வர வேண்டுமானால், ஃபுல் ஃபிரேம் கேமராவில் துளையை எஃப் 11 வரை சுருக்க வேண்டியிருக்கும். சிறிய சென்சாரிலோ எஃப் 4இலேயே அதே அளவு ஆழத்துக்குத் தெளிவு கிடைத்துவிடும். எஃப் 4இலிருந்து எஃப் 11க்குச் சுருக்கும்போது ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது, பெரிய சென்சார் தந்த ஆதாயம் முழுவதையும் துளையைச் சுருக்கியே கைவிட்டுவிடுகிறீர்கள். ஒன்றில் எஃப் 11, ஐஎஸ்ஓ 3200; மற்றொன்றில் எஃப் 4, ஐஎஸ்ஓ 400; இரண்டிலும் ஷட்டர் வேகம் ஒன்றே. இப்படி எடுத்த இரு படங்களையும் அருகருகே வைத்தால் துகள்களின் அளவில் பெரிய வேறுபாடு தெரியாது. விற்பனைக் கடைகளிலும் விமரிசனங்களிலும் இந்தச் செய்தியை ஏனோ அதிகம் சொல்வதில்லை.

கோபுரத்தின் சுதைச் சிற்பங்களுக்கு வந்தால், சிறிய கேமராவே உங்களுக்கு அதிகம் தரும். உங்கள் லென்ஸ் 70 மி.மீ.யில் நின்றுவிடுகிறது. மேல் நிலைகளில் உள்ள ஓர் உருவத்தை 70 மி.மீ.யில் எடுத்து, 200 மி.மீ.க்கு ஈடாகக் கணினியில் வெட்டினால், 33 மெகாபிக்சலில் மிஞ்சுவது ஏறக்குறைய 4 மெகாபிக்சல்தான். பகல் வெளிச்சத்தில் ஆர்எக்ஸ்100 அதே உருவத்தை 20 மெகாபிக்சல் முழுவதிலும் பதிந்து தரும். துளையை மட்டும் எஃப் 5.6க்கு மேல் சுருக்காதீர்கள். இவ்வளவு சிறிய சென்சாரில் அதற்குப் பிறகு ஒளி வளைவினால் கூர்மை மங்கத் தொடங்கும்.

நீங்கள் உண்மையாகவே இழக்கப்போவது இருண்ட மண்டபங்களில்தான். சுவரோடு ஒட்டிய புடைப்புச் சிற்பத்துக்கு அதிக ஆழத் தெளிவு தேவையில்லை என்பதால், அங்கே எஃப் 2.8இல் துணிந்து எடுக்கலாம். பெரிய சென்சாரின் ஆதாயம் முழுவதும் அப்போது உங்களுக்கே சேரும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வாங்க வேண்டியிருப்பதால், ஏ7இன் உடலுக்குள்ளேயே சென்சாரை அசைத்து நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதியும் இங்கேதான் கைகொடுக்கிறது. விதானத்து ஓவியங்கள், வெளிச்சமும் நிழலும் கடுமையாக மோதும் வாயில்கள் ஆகியவற்றை ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாக) எடுத்து நிழற்பகுதியை உயர்த்தும்போதும், பெரிய சென்சார் தரும் விவரத்தைச் சிறியது தராது.

ஆகையால், உங்கள் படங்களில் பெரும்பாலானவை வெளிப்பிரகாரத்தில் பகலில் எடுத்தவை என்றால், தயங்காமல் சிறிய கேமராவுக்கு மாறலாம். மண்டபத்துச் சிற்பங்களே உங்கள் உயிர் என்றால் மாற வேண்டாம். முதலில் லென்ஸை மாற்றிப் பாருங்கள். சோனியின் 24 மி.மீ. எஃப் 2.8 ஜி லென்ஸ் 162 கிராமும், 40 மி.மீ. எஃப் 2.5 ஜி லென்ஸ் 173 கிராமும்தான். இவற்றில் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு போனால் மொத்தச் சுமை 831 கிராமுக்குள் அடங்கிவிடும். ஜூம் இல்லாத குறையை, நகர்ந்து நிற்க இடமுள்ள வரை, கால்களால் ஈடுசெய்யலாம்.

கேள்வி: என் மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சிகளைப் படமெடுக்கப் பெரிய கேமரா வாங்க என் கணவர் சொல்கிறார், எனக்கோ கைப்பையில் வைக்கும்படியான சிறிய கேமரா போதும் என்று தோன்றுகிறது. அதில் 200 மி.மீ. ஜூம் இருக்கிறதே, போதாதா?
– வாசகி, மதுரை

பதில்: இந்த முறை உங்கள் கணவர் பக்கம்தான் சேர வேண்டியிருக்கிறது. ஜூம் எட்டும் தூரம் வேறு, அந்தத் தூரத்தில் லென்ஸ் உள்வாங்கும் ஒளி வேறு. ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடலின் லென்ஸ் 24 மி.மீ.யில் எஃப் 2.8ஆகத் தொடங்கி, ஜூம் செய்யச் செய்ய எஃப் 4, எஃப் 4.5 என்று சுருங்கிவிடுகிறது.

அரங்கில் அடவின் நடுவே கைவிரல்கள் கலங்காமல் பதிய 1/500 நொடி ஷட்டர் வேகம் வேண்டும் என்று கொள்வோம். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டிய ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஐஎஸ்ஓ 3200இல் சரியான வெளிச்சம் கிடைக்கும் ஒரு மேடையை எடுத்துக்கொண்டால், அதே மேடையில் எஃப் 4இல் நிற்கும் சிறிய கேமராவுக்கு ஐஎஸ்ஓ 16000 அளவுக்குத் தேவைப்படும். அந்தக் கேமராவில் ஒற்றைப் படத்துக்கான உச்ச ஐஎஸ்ஓவே 12800தான். சென்சாரின் அளவு வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெரிய கேமராவுக்குக் கிடைக்கும் மொத்த ஒளி முப்பது மடங்குக்கும் மேல். முந்தைய கடிதத்தில் சொன்னதுபோல் துளையைச் சுருக்க வேண்டிய தேவையும் இங்கே இல்லை; பின்திரை மங்கினால் படத்துக்கு நல்லதே.

சிறிய கேமராவின் ஃபோகஸைக் குறை சொல்ல முடியாது. ஃபோகஸை விரைவாகக் கணிக்கும் 357 ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளிகளோடு, நொடிக்கு 20 படங்கள் வரை எடுத்து, கண்ணைத் தேடிப் பிடிக்கும் திறன் அதற்கு உண்டு. பள்ளி மைதானத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் தாராளமாக அதை எடுத்துப் போகலாம். மேடைக்கு மட்டும் வேண்டாம். ஏ7 போன்ற விலையுயர்ந்த உடல்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட ஒரு சாதாரண மிரர்லெஸ் உடலும் ஒரு 50 அல்லது 56 மி.மீ. எஃப் 1.8, எஃப் 1.4 லென்ஸும் இருந்தாலே அரங்கின் முன்வரிசைகளிலிருந்து எடுக்கப் போதும்.

கேள்வி: இப்போது செல்பேசியிலேயே ஒரு அங்குல சென்சார் வந்துவிட்டது. இனியும் காம்பாக்ட் கேமராவுக்குத் தனியாகச் செலவழிப்பது வீண் அல்லவா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: பாதி உண்மை. 2022இல் வெளிவந்த ஷாவ்மி 12எஸ் அல்ட்ராவில் சோனியின் ஒரு அங்குல சென்சார் இருந்தது. அதன் பிறகு வேறு சில செல்பேசிகளிலும் வந்திருக்கிறது. பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாகக் கோத்துத் துகள்களைக் குறைக்கும் கணக்கீட்டிலும் செல்பேசிகள் கேமராக்களை முந்திவிட்டன. ஆகவே, அதே ஒரு அங்குல சென்சாரை அகலக்கோணத்தில் பயன்படுத்துவதற்காக மட்டும் காம்பாக்ட் கேமரா வாங்குவது வீண்தான். அந்தச் சென்சாரோடு 200 மி.மீ. வரை நீளும் உண்மையான ஜூம் வேண்டும் என்றால்தான் ஆர்எக்ஸ்100 ஏழாம் மாடலுக்குப் பொருள் உண்டு. 2019இல் அது அறிமுகமானபோதே விலை 1,200 டாலர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செல்பேசிக்குள் நுழைய முடியாத அளவு பெரிய சென்சார் வேண்டும் என்றால், ரிக்கோ ஜிஆர் வரிசையைப் பாருங்கள். அதன் மூன்றாம் மாடல் 257 கிராம் எடையில், ஒரு அங்குலத்தைப்போல் மூன்று மடங்கு பரப்புள்ள ஏபிஎஸ்-சி சென்சாரோடு வந்தது. நான்காம் மாடலும் 2025இல் வந்துவிட்டது. ஜூம் கிடையாது, 28 மி.மீ.க்கு ஈடான ஒரே பார்வைதான். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, நண்பகல் வெயிலில் திரையைப் பார்ப்பது சிரமம். மூன்றாம் மாடலின் பேட்டரி இருநூறு படங்களில் தீர்ந்துவிடும். இவ்வளவு குறைகளோடும் தெருப் புகைப்படக்காரர்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு மீட்டர் என்று தூரத்தை முன்னரே நிர்ணயித்துவிட்டால், பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்திய கணமே, ஃபோகஸ் தேடாமல் படம் பதிவாகும். கடைத்தெருவில் பெரிய லென்ஸைக் கண்டதும் முறுக்கிக்கொண்டு நிற்பவர்கள், இந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்து ஒன்றும் நினைப்பதில்லை. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா டோக்கியோவின் ஷிஞ்சுகு தெருக்களைப் பல ஆண்டுகளாகக் கைக்கடக்கமான கேமராக்களால் படமெடுத்தவர்; ஃபிலிம் காலத்து ஜிஆர் கேமராவும் அவர் கையில் இருந்தது.

ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 ஆறாம் மாடலையும் பலர் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். நல்ல கேமராதான், ஆனால் 521 கிராம் எடையுள்ளதைச் சட்டைப்பை கேமரா என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வீட்டில் 2005 வாக்கில் வாங்கிய பழைய டிஜிட்டல் காம்பாக்ட் கேமரா ஒன்று இருக்கிறது. இப்போது இவை மீண்டும் நாகரிகமாகிவிட்டனவாமே, பயன்படுத்தலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: விளையாட்டாகப் பயன்படுத்தலாம். 2010இல் உலகெங்கும் ஏறக்குறைய 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. இன்று ஆண்டுக்கு ஒரு கோடியை எட்டுவதே அரிது. காணாமல் போனவற்றில் பெரும்பங்கு உங்களுடையதைப் போன்ற சிறு கேமராக்களே என்பதால், அவற்றின் மீது இளைஞர்களுக்கு ஓர் ஏக்கம் வந்திருக்கிறது. கார்டு வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. 2006இல் எஸ்டிஎச்சி என்ற அதிகக் கொள்ளளவு கார்டு வகை வருவதற்கு முன்பு தயாரான கேமராக்கள் பொதுவாக 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. கேமரா பழுதாகிவிட்டது என்று கருதித் தூக்கி எறியும் முன், சிறிய கார்டு ஒன்றைத் தேடிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடலோர ஊரில் இருக்கிறோம். மிரர்லெஸ் கேமராவில் லென்ஸை மாற்றும்போது தூசு புகுந்துவிடும், காம்பாக்ட்டில் அந்தத் தொல்லை இல்லை என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் மிரர்லெஸ் சென்சாரில் விழும் தூசைக் காற்றூதியைக் கொண்டு நாமே நீக்கிவிடலாம். காம்பாக்ட்டின் லென்ஸோ ஒவ்வொரு முறையும் நீண்டு சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. பையிலுள்ள பஞ்சும் தூசும் அதனோடு சென்று சென்சாரில் ஒட்டிக்கொண்டால், கேமராவை முழுவதும் கழற்றாமல் எடுக்க முடியாது. ஆர்எக்ஸ்100, ஜிஆர் மூன்றாம் மாடல் இரண்டுமே தூசுக்கும் ஈரத்துக்கும் எதிரான காப்பு இல்லாதவை. வேர்வையில் நனைந்த சட்டைப்பையில் அப்படியே போடாமல், மெல்லிய துணி உறையில் இட்டு வையுங்கள்.

உங்கள் ஊரில் தூசைவிடப் பெரிய பகை பூஞ்சைதான். கேமராவைத் தோல் உறையிலோ, பூட்டிய அலமாரியிலோ மாதக்கணக்கில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும்போது, பிளாஸ்டிக் பையில் கட்டி, வெளி வெப்பத்துக்குக் கேமரா பழகிய பிறகு திறந்தால் கண்ணாடியில் ஆவி படியாது.

பழைய காம்பாக்ட் ஒன்றை வாங்குவதாக இருந்தால், கடையிலேயே துளையை இயன்ற மட்டும் சுருக்கி, முழு ஜூமில் ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிற வட்டப் புள்ளிகள் தெரிந்தால் தூசு உள்ளே புகுந்துவிட்டது. கழற்றிச் சுத்தம் செய்யும் கூலியை விலையில் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம், அல்லது வேறு கேமரா கேட்கலாம்.