ஷோனென், ஷோஜோ, செய்னென்: ஜப்பானியப் படக்கதையான மங்கா குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: ஷோனென் தொடர்கள் சிறுவர்களுக்கானவை என்றும், செய்னென் படிப்பவர்களுக்கே முதிர்ந்த ரசனை உண்டு என்றும் என் நண்பர்கள் சாதிக்கிறார்கள். எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் ஷோனென் தொடர்களே. அவர்கள் சொல்வது சரியா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சரியில்லை. ஷோனென், ஷோஜோ, செய்னென், ஜோசெய் ஆகிய நான்கும் ஒரு தொடர் எந்த இதழில் வெளிவந்தது, அந்த இதழைப் பதிப்பகம் யாரை எண்ணி நடத்தியது என்பதைச் சொல்லும் பெயர்கள். முறையே சிறுவர், சிறுமியர், வளர்ந்த ஆண்கள், வளர்ந்த பெண்கள். கதையின் ஆழத்தை அவற்றால் அளக்க முடியாது. ஆறு வயதில் ஹிரோஷிமா அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்து, தந்தையையும் அக்காவையும் தம்பியையும் பறிகொடுத்த கெய்ஜி நகாசவா, அந்த அனுபவத்தைக் கருவாகக் கொண்டு வரைந்த ‘ஹதாஷி நோ கென்’ 1973இல் தொடங்கியது ஷோனென் ஜம்ப் வார இதழில்தான். பள்ளி மாணவியர் தேநீர் அருந்திக்கொண்டு இசைக்குழு நடத்தும் ‘கே-ஆன்!’ தொடரோ செய்னென் வரிசையில் வைக்கப்படுகிறது. உங்கள் நண்பர்களின் அளவுகோலை ஏற்றால், இவ்விரண்டில் எது முதிர்ந்தது என்ற கேள்விக்கு யாரும் ஏற்க முடியாத விடையே கிடைக்கும்.

ஆனாலும் இந்தப் பெயர்கள் பொருளற்றவை என்று நான் சொல்லமாட்டேன். ரூமிகோ தகாஹாஷி 1980 முதல் 1987 வரை, ஷோனென் சண்டேயில் ‘உருசெய் யாட்சுரா’வையும் பிக் காமிக் ஸ்பிரிட்ஸ் இதழில் ‘மெய்சோன் இக்கோகு’வையும் ஒரே காலத்தில் வரைந்தார். முதல் தொடரில் எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் யாருக்கும் வயது கூடுவதில்லை. இரண்டாவதில் காலம் நகர்கிறது, நாயகன் தேர்வில் தேறி, வேலை தேடி அலைந்து, இளம் கைம்பெண் ஒருத்தியின் துயரம் மெல்ல ஆறும்வரை காத்திருக்கிறான். இதழ் மாறும்போது கதை தன் வாசகரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் மாறுகிறது என்பதற்கு, ஒரே கையிலிருந்து வந்த இந்த இரண்டைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த பிறகும் ஒன்றைக் கீழானதாகக் கருத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். 1968 முதல் 1973 வரை ஷோனென் மேகசின் வார இதழில் வந்த ‘அஷிதா நோ ஜோ’ என்னும் குத்துச்சண்டைத் தொடரைச் சிறுவர்கள் மட்டும் படிக்கவில்லை. பல்கலைக்கழக மாணவர்களும் தொழிலாளர்களும் வாரந்தோறும் காத்திருந்து படித்தார்கள். அதில் நாயகனின் எதிராளி ரிகிஷி இறந்தபோது, கவிஞரும் நாடக இயக்குநருமான ஷூஜி தெராயாமாவின் முன்முயற்சியில், 1970 மார்ச் மாதம் பதிப்பகமான கோடன்ஷாவின் கட்டடத்திலேயே அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு இறுதிச் சடங்கு நடைபெற, சுமார் 700 பேர் வந்து அஞ்சலி செலுத்தினர். அவர்கள் கையில் இருந்ததும் ஷோனென் இதழ்தான்.

கேள்வி: மங்காவுக்கு எண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு என்று சொல்வது உண்மையா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: கியோட்டோவின் கோசான்ஜி கோயிலுக்கு உரிய, முயலும் தவளையும் மல்லுக்கு நிற்கும் பழைய ஓவியச் சுருளை வைத்துச் சொல்லப்படுவது அது. அழகிய படைப்பு, ஆனால் அதிலிருந்து இன்றைய மங்காவுக்குத் தொடர்ச்சியான ஒரு கோட்டை இழுக்க இயலாது. இன்றைய வடிவத்தின் பெற்றோர் செய்தித்தாளும் கேலிச்சித்திர இதழும்தான்: 1862இல் யோகோஹாமாவில் சார்லஸ் விர்க்மன் தொடங்கிய ஜப்பான் பஞ்ச், 1905இல் ரகுடென் கிடசாவா தொடங்கிய டோக்கியோ பக் ஆகியவற்றிலிருந்து தேடத் தொடங்குவது நேர்மையானது.

கேள்வி: மங்காக் கலைஞர் ஒசாமு தெசுகாவிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று என் அண்ணன் சொல்கிறார். அது மிகைப்படுத்தல் என்று வேறொருவர் மறுக்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?
— வாசகர், திருச்சி

பதில்: வழக்கின் மையத்தில் நிற்பது ஷிச்சிமா சகாயுடன் சேர்ந்து தெசுகா 1947இல் ஒசாகாவில் வெளியிட்ட ‘ஷின் தகராஜிமா’ என்னும் மங்கா. சிறுவன் ஒருவன் காரில் துறைமுகத்தை நோக்கி விரையும் அதன் தொடக்கப் பக்கங்கள் திரைப்படம் பார்ப்பது போன்ற உணர்வைத் தந்தன என்று, பிற்காலத்தில் புகழ்பெற்ற மங்காக் கலைஞர் இரட்டையர் ஃபுஜிகோ ஃபுஜியோ உள்ளிட்ட பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அந்த வியப்பு உண்மையானது; அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தெசுகாவின் முழுத் தொகுப்பில் 1984இல் சேர்க்கப்பட்ட பதிப்பு, அவரே பிற்காலத்தில் மீண்டும் வரைந்தது. முதற்பதிப்பின் பக்கங்கள் 2009இல்தான் மறுபதிப்பாக எல்லோருக்கும் கிடைத்தன. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அந்தத் தொடக்கத்தின் புதுமையை விளக்க முனைந்த வாசகர் பலருக்கு எதிரே இருந்தவை, முதிர்ந்த கலைஞர் ஒருவர் திருத்தி வரைந்த பக்கங்கள். போருக்கு முன்பே வேகத்தையும் மாறும் கோணங்களையும் கொண்டு வரையப்பட்ட, 1930இல் தொடங்கிய சகோ ஷிஷிடோவின் ‘ஸ்பீட் தாரோ’வையும் மறந்துவிட முடியாது.

ஆகவே முதலில் செய்தவர் என்ற பட்டம் தெசுகாவுக்குப் பொருந்தாது. அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் துணிபு: சிறுவர்களுக்கான நீண்ட கதையில் மரணத்தையும் குற்ற உணர்வையும் தயக்கமின்றி வைத்தார், அதைவிட முக்கியமாக, தம்மை எதிர்த்தவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார். வாடகை நூலகங்களுக்காக வரைந்துகொண்டிருந்த யோஷிஹிரோ தட்சுமியும் அவருடைய தோழர்களும், தெசுகாவின் பாணி தங்கள் தலைமுறையின் வறுமையையும் சினத்தையும் சொல்லப் போதாது என்று கருதி, 1950களின் இறுதியில் கெகிகா என்ற பெயரில் தனி வழி கண்டார்கள். கட்சுயிச்சி நாகாய் 1964இல் தொடங்கிய காரோ இதழில், உழவர் கிளர்ச்சிகளை மையமாகக் கொண்ட சன்பெய் ஷிராட்டோவின் ‘கமுய்-டென்’ மாணவர் உலகத்தையே ஈர்த்தது. தெசுகா 1967இல் காம் என்ற இதழைத் தொடங்கி அதற்குப் பதிலளித்தார். 1970களில் அவர் வரைந்த ‘பிளாக் ஜாக்’கையும் ‘புத்தா’வையும் படிப்பவர்கள், கெகிகாவின் இருள் அவற்றுக்குள் எவ்வளவு ஊடுருவியிருக்கிறது என்பதைக் காணலாம். உங்கள் அண்ணன் இவற்றைப் படித்துவிட்டாரா என்று கேளுங்கள். அவருடைய நாயகன் இன்னும் பெரியவராகத் தெரிவார்.

கேள்வி: ஷோஜோ என்றால் பெரிய கண்களும் காதலும் மட்டுமே என்று எங்கள் வாசிப்புக் குழுவில் அதை ஒதுக்குகிறார்கள். நான் எப்படி மறுப்பது?
— வாசகி, மதுரை

பதில்: கோபப்படாமல் பக்கங்களைத் திறந்து காட்டுங்கள். தெசுகா உட்பட ஆண்கள் பலர் ஷோஜோ இதழ்களுக்கு வரைந்துகொண்டிருந்த காலம் மாறி, 1949ஐ ஒட்டிப் பிறந்த பெண்கள் ஒரு தலைமுறையாக அந்த இதழ்களுக்குள் நுழைந்தபோது, மங்காவின் பக்கமே வேறு வடிவம் பெற்றது. கட்டங்களின் கோடுகள் கரைந்தன. ஒரு காட்சியின் மீது இன்னொரு காட்சி படிந்தது. பாத்திரத்தின் மனக்குரல் உரையாடல் குமிழை விட்டு வெளியேறி வெற்றிடத்தில் மிதந்தது. ரியோகோ இகெடா 1972இல் தொடங்கிய ‘வெர்சாய் நோ பாரா’ பிரெஞ்சுப் புரட்சியின் கதை. மோட்டோ ஹகியோவின் ‘11நின் இரு!’ விண்வெளியில், பத்துப் பேர் இருக்க வேண்டிய கலத்தில் பதினொருவர் இருப்பதில் தொடங்கும் அறிவியல் புனைவு. அதற்கும் அவருடைய ‘போ நோ இச்சிசோகு’வுக்கும் சேர்த்து 1976இல் ஷோகக்குகான் மங்கா விருது கிடைத்தது. கெய்க்கோ தகெமியா, தாம் உயிராக நினைத்த ‘காசே தோ கி நோ உதா’வை அச்சில் கொண்டுவரப் பதிப்பாசிரியர்களோடு ஆண்டுக்கணக்கில் போராடி, 1976இல் வென்றார்.

காதல் இந்தக் கதைகளில் உண்டு. அதை மறைத்து வாதாடத் தேவையில்லை, ஏனெனில் மனம் எப்படி இயங்குகிறது என்பதைத் தாளில் காட்டும் வழிகளை அந்தக் காதல்தான் அவர்களைத் தேடவைத்தது. 1975 டிசம்பரில் டோக்கியோவில், ரசிகர்கள் தாங்களே வெளியிடும் இதழ்களுக்கான சந்தையான காமிக் மார்க்கெட்டை முதன்முதலில் நடத்தியதும் மங்காவை விமர்சன நோக்கோடு விவாதித்த ரசிகர் குழு ஒன்றுதான். அன்று வந்த சுமார் 700 பேரில் பெரும்பாலோர் ஹகியோ போன்றோரின் வாசகியரான பள்ளி மாணவியர். உங்கள் குழுவினர் ஒதுக்குகிற வாசகியர்தாம் அந்த விவாதக் கூடத்தை நிரப்பினார்கள்.

கேள்வி: சிறந்த பத்து மங்காக்களின் பட்டியல் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து தயாரிக்கிறோம். விற்பனையை அளவாகக் கொள்ளலாமா?
— வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். ஷோனென் ஜம்ப் 1995இல் ஒரே இதழுக்கு 65 லட்சத்து 30 ஆயிரம் படிகள் அச்சிட்டது. வாசகர்கள் தமக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்பும் அஞ்சலட்டைகளே அந்த இதழில் ஒரு தொடர் நீடிப்பதையும் நிற்பதையும் பெரிதும் தீர்மானித்தன. அந்த முறை வாரந்தோறும் வாசகரைப் பிடித்து நிறுத்தும் அபாரமான கலையை வளர்த்தது. முடிய வேண்டிய இடத்தில் முடியாத தொடர்களையும் வளர்த்தது. யோஷிஹரு சுகே 1968இல் காரோவில் வரைந்த, கனவைப் போன்ற சிறுகதையான ‘நெஜிஷிகி’க்கு அப்படியொரு வாக்கெடுப்பில் இடமே கிடைத்திராது. பட்டியலில் ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் அது வந்த இதழையும் ஆண்டையும் எழுதுங்கள். பத்தும் இரண்டே இதழ்களில் வந்தவை என்று தெரிந்தால், காரோவிலிருந்தும் ஷோஜோ இதழ்களிலிருந்தும் ஆளுக்கு ஒன்றைப் படித்துவிட்டு மீண்டும் கூடுங்கள்.