தமிழ் நாடக மேடைக்குப் பாட்டெழுதியவர்களில் உங்கள் மனதுக்கு நெருக்கமானவர் யார்? ஏன்?

சங்கரதாஸ் சுவாமிகள். இதற்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தவன் நான். என் தாத்தா பகலில் பால்மரம் வெட்டுவார், ராத்திரியில் நாடக வாத்தியார். ஆர்மோனியப் பெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி “சுவாமிகளே” என்பார். முருகனைத்தான் கூப்பிடுகிறார் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். வள்ளி திருமணம் நாடகம்தானே, அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் கேட்டபோது, “முருகன் இல்லடா, பாட்டு எழுதுனவரு” என்றார்.

அந்தப் பாட்டு எழுதியவர் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். அப்புறம் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலை. அதை விட்டுவிட்டு 24 வயதில் நாடகத்துக்கு வந்தார். முதலில் நடிகர்தான்: இரணியன், எமன், சனீஸ்வரன் என்று பார்த்தாலே பயம் வரும் வேடங்கள். அவருடைய எமனைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கருக்கலைந்தது என்றும், விடியற்காலையில் சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்கப் போனபோது எதிரே வந்த ஒரு பெண் அதிர்ச்சியில் உயிரையே விட்டாள் என்றும் சொல்வார்கள். அதோடு வேடம் போடுவதை நிறுத்திவிட்டு, நாடகம் எழுதுவது, சொல்லிக்கொடுப்பது என்று இருந்துவிட்டார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அவர் வாழ்க்கையில் நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது புதுக்கோட்டை மான்பூண்டியாப் பிள்ளையோடு இருந்த காலம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த லய மேதை அவர். சுவாமிகளை மகனாகவே ஏற்றுக்கொண்டார். தமிழைப் பழனியில் படித்தவர் தாளத்தை இங்கே கற்றுக்கொண்டார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால்தான் அந்தப் பாட்டுகள் எங்கள் தோட்டம் வரைக்கும் வந்து சேர்ந்தன என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் நாடகத்தில் வள்ளியாக வேடம் கட்டிய அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா வரிவரியாகச் சொல்வார், அவர் திருப்பிச் சொல்வார். சொல்லை மறந்தால் தாத்தா சொல்லை எடுத்துக் கொடுக்க மாட்டார், தொடையில் தாளத்தை மட்டும் தட்டுவார். அந்தத் தட்டிலேயே சொல் வந்துவிடும். குறில் விழ வேண்டிய இடத்தில் குறில், நெடில் விழ வேண்டிய இடத்தில் நெடில். வேறு சொல் அங்கே உட்காராது. இரண்டாவது அடி தொடங்கும்போதே எதுகை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். தினைப்புனத்தில் வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் இது இன்னும் பலம். ஒருவர் விட்ட இடத்திலிருந்துதான் மற்றவர் எடுக்க வேண்டும். காலையில் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ரப்பர் காட்டுக்குள் போனால் இந்த நிரையில் வள்ளி, அந்த நிரையில் வேடன். மரத்துக்கு மரம் நடந்து உளியை வைத்து வெட்டிக்கொண்டே இரண்டு பேரும் பாடிப் பழகுவார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது நான் கேட்டிருக்கிறேன்.

ஆள் கண்ணுக்குத் தெரியாது, குரல் மட்டும் வரும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மாரியம்மன் திருவிழாவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். தர்க்கம் சூடு பிடித்த நேரத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மைக் இல்லை, விளக்கு இல்லை, எங்கும் கும்மிருட்டு. தாத்தா ஆர்மோனியக் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. மிருதங்கமும் நிற்கவில்லை. வள்ளி ஒரு கேள்வி, வேடன் ஒரு பதில் என்று பாட்டு போய்க்கொண்டே இருந்தது. கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்த சனத்தில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. விளக்கு வந்தபோது பார்த்தால், இரண்டு பேரும் மேடை நடுவில் இல்லை. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்கள். வேடமும் திரையும் இல்லாவிட்டாலும் அந்த நாடகம் நடக்கும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

சுவாமிகள் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் பாடகராகவும் நடிகராகவும் புகழ்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பா சிறுவனாக அங்கே பயிற்சி பெற்றவர். 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்தே நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பெரிய நடிகர்கள் ஆளுக்கொரு பக்கம் வசனத்தை இழுத்தடித்த காலம் அது. எழுதியதை எழுதியபடி மேடையில் கேட்க வேண்டும் என்றால் பையன்களைத்தான் நம்ப வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்ததில் நியாயம் இருக்கிறது. பின்னாளில் பெரிய நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில் சேர்ந்தபோது, அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே ராத்திரியில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தார் என்று சண்முகம் பதிவு செய்திருக்கிறார். ஒரு ராத்திரியில் எழுதியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆறேழு வயதுப் பையன் வாயில் நிற்கும்படி எழுதினாரே, அதுதான் பெரிது. எழுத்தறியாத எங்கள் அண்ணன் வாயில் அரை நூற்றாண்டு கழித்து நின்றதும் அதனால்தான்.

பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சுலோசனா சதி என்று 40க்கு மேல் எழுதியிருக்கிறார். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் அவர் வள்ளி திருமணம் இன்றைக்கும் நடக்கிறது. வள்ளி ஓர் ஊர், வேடன் ஓர் ஊர், இரண்டு பேரும் ஒன்றாக ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் சந்தித்து விடியவிடிய ஆடுவார்கள். பாட்டு பொதுவாக இருப்பதால் அது நடக்கிறது.

கடைசிக் காலத்தை நினைத்தால் மனசு கனத்துவிடும். பக்கவாதம் வந்து கைகால் விழுந்தது, பேச்சும் போனது. அத்தனை பையன்களுக்கு வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவருக்கு வாய் திறக்க முடியவில்லை. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அங்கே கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. இந்தியா போனபோது அங்கே மட்டும் தனியாகப் போய், தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப் பனை). தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, சனமெல்லாம் தாமான் என்கிற குடியிருப்புகளில் இருக்கிறது. ஆர்மோனியம் என் வீட்டில் இருக்கிறது. துருத்தியில் காற்று கொஞ்சம் கசிகிறது, மற்றபடி சத்தம் நன்றாகவே வருகிறது. வருகிற திருவிழாவில் வள்ளி தர்க்கம் மட்டுமாவது அரை மணி நேரம் போடலாம் என்று நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். வள்ளியாக என் அண்ணன் மகள். கைப்பேசியில் எழுதிவைத்துப் படித்தவளை, அதை மூடிவைத்துவிட்டுத் தொடையில் தட்டச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது வாரமே வரிகள் வந்துவிட்டன. நாரதருக்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை. ஈப்போ பக்கம் பாடத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.