தாம்பரம் ரயிலுக்கு எந்த இயர்பட்: சோனியா, போஸா?

சகோ, தினமும் தாம்பரம்–பீச் மின்சார ரயில், ஆண்ட்ராய்டு போன், சின்னக் காது. இரைச்சலை அடக்குற இயர்பட்ல சோனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5 வாங்கவா, போஸ் குவயட்கம்ஃபர்ட் அல்ட்ரா வாங்கவான்னு குழப்பம். அதானே?

இரைச்சலை அடக்குறது மட்டும்னா என் ஓட்டு போஸுக்கு. வண்டியோட உறுமல், மின்விசிறிச் சத்தம் எல்லாம் சட்டுனு அமுங்கிடும். ஆனா எதிர் சீட்டுக்காரர் போன்ல கத்துறதும், சுண்டல் விக்கிறவர் குரலும் ரெண்டுலயுமே முழுசா போகாது. ஒரே சீரா வர்ற தாழ்ந்த ஒலியைத்தான் இந்த நுட்பம் நல்லா பிடிக்கும். பேச்சுச் சத்தத்தைத் தடுக்க, காதை இறுக்கி அடைக்கிற இயர்பட் முனைதான் காவல்.

அதனாலதான் உங்களுக்கு சோனின்னு சொல்வேன். ஒரு பட் 5.9 கிராம், ஃபோம் முனை நாலு அளவுல வருது, ரொம்பச் சின்ன எஸ்எஸ் உட்பட. போஸ் கொஞ்சம் பருமன். சார்ஜும் சோனி 8 மணி நேரம், போஸ் 6.

ஃபோமை நசுக்கி உள்ளே வெச்சு, விரியுற வரை பிடிச்சுக்கங்க. என் முதல் ஃபோம் இயர்பட்ல இது தெரியாம ஒரு வாரம் திட்டிக்கிட்டே திரிஞ்சேன்!

சோனியோட உயர்தர ப்ளூடூத் ஒலி முறையான எல்டேக் போட்டா கூட்டமான பிளாட்பாரத்துல பாட்டு விட்டு விட்டு வரலாம். சோனி ஆப்ல நிலையான இணைப்புக்கு முன்னுரிமை கொடுத்துடுங்க.

கடையில ரெண்டையும் மாட்டி, தலையை நல்லா ஆட்டிப் பாருங்க. படிக்கட்டுல நிக்கிற ஆளா இருந்தா இன்னும் ரெண்டு தடவை ஆட்டுங்க.