வெளிநாட்டுல புது கார் வாடகைக்கு: இந்த வாரக் கேள்வி-பதில்

லீவு நெருங்குது, அதான் இந்த வாரம் வந்த கடுதாசி முக்காவாசி வெளிநாட்டுல கார் எடுக்குறதப் பத்தியே இருக்கு. நீளமா எழுதுனதயெல்லாம் வெட்டிச் சுருக்கிருக்கேன், யாரு பேரும் போடல, ஊரு மட்டும்தான், எல்லாம் நம்ம மதுரைப் பக்கந்தான்.

பையன் பிரான்ஸ்ல லியோன்ல இருக்கான். நானும் வீட்டுக்காரரும் 40 நாள் போறோம். ஃபேக்டரில இருந்து வந்த பிராண்ட் நியூ கார நம்ம பேருலயே குடுப்பாங்களாம், செகப்பு நம்பர் பிளேட்டாம், திரும்பி வரும்போது விட்டுட்டு வந்துறலாமாம். இது ஏமாத்து வேலையா? — ரிட்டயர்டு டீச்சர், அண்ணா நகர்

ஏமாத்து இல்லங்க டீச்சரம்மா, நெசந்தான். ரெனோ மாதிரி பிரெஞ்சு கம்பெனிங்க ரொம்ப வருஷமா நடத்துற திட்டம் இது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய குடியிருக்கிறவங்க டூரிஸ்ட்டா வந்து தற்காலிகமா எடுக்குற வண்டிக்கு அங்க வரிச் சலுகை உண்டு, அதனால பேப்பர்ல வண்டிய உங்க பேருல பதிஞ்சு குடுத்துட்டு, நீங்க கெளம்பும்போது கம்பெனியே திருப்பி எடுத்துக்கிட்டு பழைய வண்டியா வித்துரும். செகப்பு பிளேட்டு அதுக்குத்தான். நீங்கதான் மொத ஆளு, மீட்டர்ல கிலோமீட்டரே ஏறியிருக்காது. இன்சூரன்ஸ் முழுசா உள்ளயே வந்துரும், இடிச்சாலும் உங்க பங்குன்னு கேக்க மாட்டாங்க, எத்தன கிலோமீட்டர் வேணா ஓட்டலாம். பெரும்பாலும் கொறஞ்சது 21 நாள் எடுக்கணும், அதிகபட்சம் 175 நாள் வரைக்கும்னு போட்டிருப்பாங்க. ஆனா நம்மளுக்கு ஷெங்கன் விசா (பிரான்ஸ் மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவா குடுக்குற விசா) 180 நாளுக்குள்ள 90 நாள்தான், அதனால அந்த 175ஐப் பாத்து மனக்கணக்கு போட வேண்டாம்.

நீங்க கேக்காத ஒன்னு இருக்கு, அதுதான் உங்க விஷயத்துல பெரிய கேள்வி. வண்டிய ஓட்டப் போறது யாரு? பையன் அங்கயே குடியிருக்கான், அதனால அவன் பேருல இந்த வண்டி கெடைக்காது, அவன் ஸ்டியரிங்க தொடலாமாங்கிறதையும் கம்பெனிகிட்ட மெயில்ல கேட்டு பதில எழுத்துல வாங்கிக்கோங்க. வீட்டுக்காரர் தெப்பக்குளத்தச் சுத்தி மட்டும் வண்டி ஓட்டுன மனுசன்னா, ரோட்டுக்கு வலது பக்கம் 130ல போற ஹைவேல 40 நாளும் அவருதான் ஓட்டணும்னா வேண்டாம்மா. பையன் கூட நாலு நாள் சுத்துறதுக்கு அவன் பேருல சாதா வாடகை வண்டி போதும். இல்ல, அவரு நல்லா ஓட்டுவாரு, மூணு வாரத்துக்கு மேல ஊரு ஊரா போறோம்னா இந்தத் திட்டத்த மிஞ்ச ஒன்னும் கெடையாது. இந்திய லைசென்ஸ ஏத்துக்குவீங்களான்னும் அதே மெயில்ல கேட்ருங்க. வண்டி கைக்கு வரும்போது டேங்க்ல கொஞ்சந்தான் இருக்கும், நேரா பெட்ரோல் பங்குக்குப் போங்க.

இன்டர்நெட்ல 10 வருஷம் செல்லுற இன்டர்நேஷனல் லைசென்ஸ் 3,500 ரூபாய்க்கு வீட்டுக்கே அனுப்புறாங்க. வாங்கலாமா? — உசிலம்பட்டி

வாங்காதீங்க. அது வெறும் அட்ட. நம்ம ஆர்டிஓ ஆபீஸ் குடுக்குற ஐடிபி (இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்) ஒன்னுதான் செல்லும், ஃபீஸ் 1,000 ரூபாய், ஆயுசு ஒரு வருஷம். பத்து வருஷம்னு ஒருத்தன் சொல்றப்பவே தெரிஞ்சுக்க வேண்டாமாய்யா.

பினாங்குல வெள்ள கலர் புது எஸ்யூவி படத்தப் பாத்து புக் பண்ணேன், குடுத்தது செகப்பு கலர்ல சின்ன கார், அதுவும் அறுவதாயிரம் கிலோமீட்டர் ஓடுனது. கேஸ் போடலாமா? — மேலூர்

படத்துக்குக் கீழ "அல்லது இதுபோன்ற வண்டி"ன்னு போட்டிருந்துச்சா இல்லையா? போட்டிருந்துச்சுன்னு நீங்களே கடுதாசில எழுதியிருக்கீங்க. வாடகைக் கார் கம்பெனி மாடல விக்கிறதில்ல, வகையத்தான் விக்குது. புக்கிங் சீட்டுல நாலு இங்கிலீஷ் எழுத்து இருக்கும், மொத எழுத்து சைஸ், ரெண்டாவது என்ன மாதிரி வண்டி, மூணாவது கியரா ஆட்டோமேட்டிக்கா, நாலாவது எரிபொருளும் ஏசியும். உங்க சீட்டுல மொத எழுத்தே எக்கானமி. எஸ்யூவிக்கு நீங்க காசு கட்டவே இல்லண்ணே, அப்புறம் எப்படி கேஸ்? கலரு, மாடலு, புதுசு பழசு இதெல்லாம் கேக்கணும்னா "இந்த மாடல் உறுதி"ன்னு போட்டிருக்கிறத தேடி கூடக் காசு குடுத்து எடுக்கணும். கல்யாணப் புடவைக்கு விளக்குத்தூண் பக்கம் பத்து கடை ஏறி எறங்குறோம், ஏழு நாள் குடும்பத்த ஏத்திக்கிட்டு போற வண்டிக்கு ஒரு வரிய படிக்க மாட்டேங்கிறோம்.

டெபிட் கார்டு வச்சு எடுக்க முடியுமா? — செல்லூர்

நெறைய எடத்துல முடியாது. ஓட்டுறவர் பேரு பொறிச்ச கிரெடிட் கார்டு வேணும். டெபாசிட்ட அதுல பிளாக் பண்ணுவாங்க, அதனால லிமிட்டும் காலியா இருக்கணும். மச்சினன் கார்டு, மருமகன் கார்டெல்லாம் கவுண்டர்ல எடுபடாது.

சூரிச்சுல புது வண்டி ரெடியா நிக்கும்னு டிராவல்ஸ்காரர் 48,000 ரூபாய் ஜிபேல வாங்குனாரு. நைட்டு பத்தர மணிக்கு எறங்குனா, கவுண்டர்ல எங்க பேருல புக்கிங்கே இல்லங்கிறாங்க. கைப்புள்ளையோட அஞ்சு பேரு. ரெட்ட வாடகை குடுத்து வேற எடுத்தோம். இப்ப ஃபோன எடுக்க மாட்டேங்கிறாரு. — கே.கே. நகர்

தம்பி, படிச்சதுலருந்து மனசே சரியில்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல, ஊர்க்காரன்னு நம்பி குடுத்திருக்கீங்க, நம்புனது குத்தம் கெடையாது. கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டு பணத்தத் திருப்பிக் கேட்டிருக்கலாம், ஜிபேல போனதுக்கு அந்த வழி இல்ல, ஆனா வேற வழி இருக்கு. மொதல்ல பணம் போன ஸ்க்ரீன்ஷாட், அவரு வாட்ஸாப்புல அனுப்புன "வண்டி கன்பார்ம்" மெசேஜ், அங்க ரெண்டாவதா எடுத்த வண்டியோட பில்லு, இந்த மூணையும் பிரிண்ட் போட்டு வைங்க. ஃபோன் பண்ணி கத்தாதீங்க, அவரு கடை விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்ட்ல ஒரு நோட்டீஸ் அனுப்புங்க, வக்கீல் வேணும்னு இல்ல, நீங்களே எழுதலாம், 48,000மும் கூடக் குடுத்த வாடகையும் 15 நாளுக்குள்ள வரணும்னு. அதே நாள் 1915ங்கிற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் பதிவு பண்ணுங்க. அசையலன்னா மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் சூரிச்சுல நடந்துச்சேன்னு யோசிக்க வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே வழக்கு போடலாம். குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸே கெடையாது, நீங்களே நின்னு பேசலாம், இ-ஜாக்ரிதிங்கிற அரசு வெப்சைட்ல வீட்ல இருந்தே தாக்கல் பண்ணலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், ஆனா நீங்க ரெண்டு வாரத்துக்குள்ள போடுங்க. அலைஞ்ச அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் சேத்து நஷ்டஈடு கேளுங்க, தயங்காதீங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.

மத்தவங்களுக்கு: ஏஜென்ட் வவுச்சர் அனுப்புனா அதுல இருக்கிற நம்பர வச்சு வாடகைக் கம்பெனிக்கே நேரா ஒரு மெயில் போட்டு, இந்தப் பேருல புக்கிங் இருக்கான்னு கேட்ருங்க. அஞ்சு நிமிசம்.

சுவிஸ்ல டோல்கேட்டே இல்லையாமே? — திருமங்கலம்

கப்பலூர் மாதிரி கேட்டு இல்ல, ஆனா காசு உண்டு. ஹைவேல ஏறணும்னா 40 ஃபிராங்க் ஸ்டிக்கரோ, நெட்ல வாங்குற இ-ஸ்டிக்கரோ வேணும். அங்கயே எடுத்த வாடகை வண்டில ஒட்டியிருக்கும், பிரான்ஸ்லயோ ஜெர்மனிலயோ எடுத்துட்டு போனா நீங்கதான் வாங்கணும். இல்லாம மாட்டுனா 200 ஃபிராங்க் ஃபைன், அதுக்கு மேல ஸ்டிக்கர் காசும்.

"ஃபுல் இன்சூரன்ஸ்"னு சொல்லித்தான் குடுத்தாங்க. புது வண்டி. பார்க்கிங்ல வீல் உரசிருச்சு, டயரும் போச்சு. கார்டுல இருந்து 1,100 யூரோ எடுத்துட்டாங்க. இது அநியாயம் இல்லையா? — ஆரப்பாளையம்

அநியாயந்தான். ஆனா அது நீங்க கையெழுத்து போட்ட பேப்பர்லயே எழுதியிருக்கிற அநியாயம், அதனாலதான் எனக்கு இன்னும் கோவம் வருது, இதப் பத்தி எத்தன தடவ எழுதுனாலும் எனக்கு ஆறாது.

நம்ம ஊர்ல என்ன பழக்கம்? கோரிப்பாளையம் சிக்னல்ல ஒருத்தன் பின்னாடி வந்து இடிக்கிறான், வண்டிய சர்வீஸ் சென்டர்ல விடுறோம், 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு கட்டாயமா நம்ம கைய விட்டுப் போற பங்கு 1,000 ரூபாய், அதுக்கு மேல சிசின்னா 2,000. அதனால "இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு யாரு சொன்னாலும் நம்ம மனசுல ஓடுறது அந்த ஆயிரம் ரூபாய்தான். வெளிநாட்டு வாடகை வண்டில அதே இன்சூரன்ஸ்ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் வேற. அங்க எக்ஸஸ்னு ஒரு தொகை இருக்கும், ஆயிரம் யூரோ, ரெண்டாயிரம் யூரோ கூட, அது வரைக்கும் ஆகுற சேதம் மொத்தமும் உங்க காசு, அதத் தாண்டுனாத்தான் அவன் காசு. அதுலயும் டயரு, வீலு, கண்ணாடி, வண்டிக்கு அடிப்பக்கம், மேல்கூரை இதெல்லாம் நெறைய ஒப்பந்தத்துல கணக்குலயே வராது. புது வண்டில மனுசன் உரசுறதே வீலயும் கண்ணாடியையுந்தான், அத மட்டும் வெளிய தள்ளிட்டு மிச்சத்துக்கு ஃபுல்லுன்னு பேரு வைக்கிறாங்க.

எனக்கும் இது நடந்துச்சு. 2017ல மலேசியா போனப்ப ஏர்போர்ட்ல ஒரு கம்பெனி, "புது வண்டி சார், சீட்டுக் கவர் கூட இன்னும் கழட்டல"ன்னான். மழ, ராத்திரி, பார்க்கிங்ல வெளிச்சம் இல்ல, பிள்ளைக பசிக்குதுங்குது. புது வண்டில என்ன கீறல் இருக்கப் போகுதுன்னு சுத்திப் பாக்காம கையெழுத்து போட்டேன். திருப்பிக் குடுக்கும்போது முன் இடது வீல்ல உரசல்னு காமிச்சு 1,800 ரிங்கிட் எடுத்தான், அப்ப கணக்குக்கு நம்ம காசுல சுமார் 27,000. அந்த உரசல் நான் பண்ணதா முன்னாடியே இருந்ததான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, நிரூபிக்க ஒரு ஃபோட்டோ எங்கிட்ட இல்ல. புது வண்டில இதான் கஷ்டமே, பழசுல பத்துக் கீறலோட உங்க கீறல் பதினொன்னா மறைஞ்சிரும், புதுசுல இருக்கிற ஒத்தக் கீறல் உங்க தலைலதான் விழும்.

அதனால சாவி வாங்குறதுக்கு முன்னாடி கவுண்டர்ல இருக்கிற ஆளுகிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "வீல் போனா நான் எவ்வளவு குடுக்கணும்?" ஃபுல்லு, சூப்பரு, ப்ரீமியம்னு அவரு எந்தப் பேரு சொன்னாலும் காதுல வாங்காதீங்க, தொகையச் சொல்லச் சொல்லுங்க, அது பேப்பர்ல எங்க இருக்குன்னு விரல வச்சு காட்டச் சொல்லுங்க. எக்ஸஸ் பூஜ்யம், வீல் கண்ணாடி சேத்துன்னு எழுதியிருந்தா தினமும் கூடக் கேக்குற காசக் குடுங்க, அது வீண்செலவு இல்ல. வேற வெப்சைட்ல மலிவா எக்ஸஸ் இன்சூரன்ஸ் விப்பாங்க, அது தப்பில்ல, ஆனா மொதல்ல உங்க கார்டுல இருந்து பணம் போகும், பில்லு அனுப்புன பின்னாடிதான் அவங்க திருப்பித் தருவாங்க, அது தெரிஞ்சு வாங்குங்க. அப்புறம் வீடியோ. வண்டியச் சுத்தி, நாலு வீலும், கூரையும், மீட்டரும். மழ பேஞ்சா வெளிச்சத்துக்கு வண்டிய நகத்தி நிறுத்தச் சொல்லுங்க. திருப்பி விடும்போதும் அதே வீடியோ.

உங்க 1,100 யூரோவுக்கு: ரிப்பேர் பில்லும் சேத ஃபோட்டோவும் அனுப்பச் சொல்லி மெயில் போடுங்க. அவங்களால காட்ட முடியலன்னா உங்க கார்டு பேங்க்ல உடனே டிஸ்ப்யூட் போடுங்க. பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற அதிகாரி) போங்க. கணக்கு காட்டிட்டாங்கன்னா மனச தேத்திக்க வேண்டியதுதான், வருத்தமாத்தான் இருக்கு.

மதுரையில இருந்து கொழும்புக்கு ஃபிளைட்ல போயி அங்க கார் எடுத்து ஓட்டணும். ஐடிபி கையில இருக்கு, போதும்ல? — திருப்பரங்குன்றம்

போதாது. இலங்கைல அத ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன்ல காமிச்சு ஒப்புதல் வாங்கணும். வாடகைக் கம்பெனிகிட்ட முன்னாடியே சொன்னா பெரும்பாலும் அவங்களே ஏற்பாடு பண்ணி வச்சிருவாங்க. ரோடு நம்ம மாதிரி இடது பக்கந்தான், பயப்பட வேண்டாம்.

பிரான்ஸ்ல பெட்ரோல் பங்குல "கசோல்"னு எழுதியிருந்துச்சு, பெட்ரோலத்தான் கேஸ்னு சொல்றாங்கன்னு நெனச்சு போட்டுட்டேன். வண்டி நின்னுருச்சு, இன்சூரன்ஸ் தர மாட்டாங்கிறாங்க. — சிம்மக்கல்

கசோல்னா அங்க டீசல். பெட்ரோலுக்கு "சான் ப்ளோம்"னு இருக்கும், 95, 98ன்னு நம்பரோட. தப்பா எரிபொருள் போட்டா எங்கயும் இன்சூரன்ஸ் தர்றது அபூர்வம். டேங்க் மூடிலயே ஒட்டியிருந்திருக்கும், பாத்திருக்கணும்.

பில்லு போடும்போது மிஷின்ல "ரூபாயா, யூரோவா"ன்னு கேக்குது. ரூபாய அமுக்குனா நல்லதுதானே? — நரிமேடு

யூரோவ அமுக்குங்க. ரூபாய்னா அவன் வைக்கிற ரேட்டு, அதுல தனியா லாபம் வச்சிருப்பான்.

மச்சான் துபாய்ல ரெசிடென்ட் விசால இருக்காரு, நான் விசிட்ல போறேன். வாடகைக் கார ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இந்திய லைசென்ஸ்ல ஓட்டலாமா? — வாடிப்பட்டி

நீங்க ஐடிபியோட ஓட்டலாம். மச்சான் அந்த நாட்டு லைசென்ஸ் எடுக்காம ஓட்டக்கூடாது, விபத்துன்னா இன்சூரன்ஸும் போச்சு, கேஸும் ஆச்சு.

மொத தடவயா வெளிநாட்டுல, ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டப் போறேன். ஆசைக்கு ஒரு தடவ புத்தம்புது வண்டி எடுக்கலாம்னு இருக்கேன், சரியா? — பழங்காநத்தம்

ஆசைய நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா மொத தடவ வேண்டாம் தம்பி. ஆட்டோமேட்டிக்கா, சைஸ் சின்னதா, ஒரு வருஷம் ஓடுன வண்டி எடுங்க. கியரு வலது கைக்கு வந்துரும், கண்ணு எங்க பாக்குறதுன்னே மொத ரெண்டு நாள் புரியாது, அதுல பெயின்ட்டு வாசன மாறாத வண்டியோட கவலையும் சேந்தா ஊரப் பாக்க மாட்டீங்க, பம்பரத்தான் பாப்பீங்க. ஏர்போர்ட்ல இருந்து நேரா சிட்டிக்குள்ள போகாம, மொத நாள் காலைல எடுத்து, கூட்டமில்லாத ரோட்ல ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. தனியா ஜிபிஎஸ் மிஷின வாடகைக்குத் தள்ளுவாங்க, நான் ஒரு தடவ ஒம்பது நாளைக்கு அதுக்குக் காசு குடுத்து ஃபோன் மேப்லயே ஓட்டுனேன், வேண்டாம்னுருங்க. அந்தக் காசுல ஃபோன் மாட்டுற ஸ்டாண்ட டவுன்ஹால் ரோட்லயே வாங்கிட்டுப் போங்க.