பக்கத்தில் ஒரு விண்மீன் இருந்தால் அதுதான் காரணமா?

கேள்வி: எச்.டி. 80606 பி என்ற புறக்கோளின் (வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) பாதை இவ்வளவு நீண்ட நீள்வட்டமாக இருக்க, அதன் விண்மீனோடு ஈர்ப்பால் இணைந்து தொலைவில் இருக்கும் துணை விண்மீன்தான் காரணம் என்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி? என் கல்லூரி ப்ராஜெக்ட்டில் வரும் மற்ற நீள்வட்டக் கோள்களுக்கும் இதையே எழுதலாமா?

பதில்: முதலில், எப்படி என்பது. அந்தத் துணை, பூமி-சூரியன் தூரத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் தள்ளி இருக்கிறது. இழுவை அற்பம்தான். ஆனால் ஒரே பாங்கில், லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகள் இழுக்கிறது. கோளின் பாதைக்கும் துணையின் பாதைக்கும் இடையே சுமார் 39 பாகைக்கு மேல் சாய்வு இருந்தால், சாய்வு குறையக் குறையக் கோளின் பாதை நீளும், பிறகு பழைய நிலைக்கே வரும். 1960களின் தொடக்கத்தில் லிடோவ், கோசாய் என்ற இரு அறிஞர்கள் தனித்தனியே விளக்கியது இதைத்தான். எச்.டி. 80606 பி 111 நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனை உரசுவதுபோல் கடக்கிறது. அப்போது ஆறே மணி நேரத்தில் அதன் வெப்பம் சுமார் 500 டிகிரி செல்சியஸிலிருந்து 1,200ஐத் தொட்டதை ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்தது.

மற்ற கோள்களுக்கும் இதையே எழுதாதீர்கள். படத்தில் பக்கத்தில் தெரியும் விண்மீன் உண்மையில் வெகு பின்னால் இருக்கலாம். மாணவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். விண்மீன்களின் தூரத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவில் இரண்டின் தூரமும் ஒன்றா, வானத்தில் சேர்ந்து நகர்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் தரவு இலவசம். "துணை விண்மீனைக் கண்டுபிடித்துத் தருகிறோம், கட்டுரையும் வெளியிட்டுத் தருகிறோம்" என்று காசு கேட்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். உங்கள் பெயரில் வரும் தவறுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள்.

துணை உண்மையாகவே இருந்தாலும் ஒரு விலக்கு உண்டு. விண்மீனுக்கு மிக அருகில் சுற்றும் கோளின் நீள்வட்டம், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சொல்லும் ஈர்ப்பு விளைவால் தானே மெல்லத் திரும்பும். நம் புதனுக்கு அது நூற்றாண்டுக்கு 43 விகலைதான் (ஒரு விகலை, பாகையில் 3,600இல் ஒரு பங்கு). ஆனால் துணையின் வேலை கோளின் இந்தத் திருப்பத்தைவிட மெதுவாக நடந்தால் என்ன ஆகும்? இழுவை ஒரு திசையில் சேர்வதற்குள் நீள்வட்டம் வேறு பக்கம் திரும்பிவிடும். சேர்ந்தது கரைந்துவிடும், பாதை நீளாது. அதனால் துணை எவ்வளவு தூரம் என்பதோடு, கோள் எவ்வளவு நெருக்கம் என்பதையும் கட்டாயம் பாருங்கள்.

பெரிய எரிச்சல் சாய்வு. பெரும்பாலான கோள்களுக்கு அது அளக்கப்படவே இல்லை. கோள் பட்டியல் ஓரிடம், இரட்டை விண்மீன் பட்டியல் வேறிடம், ஒரே விண்மீனுக்கு நாலு பெயர். இதைச் சேர்த்துவைக்கச் சிலர் முயன்றிருந்தாலும், தேடிப் பொருத்துவது எரிச்சல்தான்! சரி, நீங்கள் "காரணமாக இருக்கலாம்" என்று எழுதி, சாய்வு அளக்கப்பட்டதா இல்லையா என்பதைப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.