ஒன்பது மாத ஊசியை ஒரு வயது வரை தள்ளிப்போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: கொழும்பில் இருக்கிறீர்கள், மகனுக்கு எம்.எம்.ஆர். ஊசி (சின்னமுத்து என்ற தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் எதிரான தடுப்பூசி) போடும் நாள் வந்துவிட்டது, மூக்கு ஒழுகுகிறது, பல்லும் முளைக்கிறது, வீட்டுப் பெரியவர்கள் "ஒரு வயது தாண்டட்டும்" என்கிறார்கள். தள்ளிப்போட்டால் பிரச்சினையா?

பிரச்சினைதான். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அதட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

நான் டொக்டர் இல்லை. அதனால் டொக்டர்மாரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டதை மட்டும் சொல்கிறேன். தடிமன், லேசான காய்ச்சல், பல்லு முளைப்பது, இவை எதுவும் ஊசிக்குத் தடை இல்லை. கடும் காய்ச்சல் என்றால் அது சுகமாகும்வரை பொறுப்பார்கள், அவ்வளவுதான். பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்து கொடுக்கிறார்கள், அண்மையில் இரத்தமோ இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதமோ ஏற்றினார்கள், முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது என்றால் அது வேறு கதை, அதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக்கூட இந்த ஊசி போடலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் முதல் பிள்ளை, மாமியோடு ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வயது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். மாமி சும்மா சொல்லவில்லை. 2011இல் எம்.எம்.ஆர். நம் தடுப்பூசி அட்டவணைக்கு வந்தபோது முதல் ஊசி ஒரு வயதில்தான் போட்டார்கள். பிறகு 2013, 2014இல் சின்னமுத்து பரவி, ஒரு வயதாகாத குழந்தைகள் நிறையப் பேர் அகப்பட்டார்கள். அதனால்தான் 2015இல் அதை ஒன்பது மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் கிட்டத்தட்டத் தீர்ந்துபோகும். இதை மாமியிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார்.

இனி என் கதை. 2023இல் கொழும்பில் சின்னமுத்து மறுபடி வந்தது நினைவிருக்கும். 2019இல்தான் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்திருந்தது. நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம்கூட நிறையவில்லை. அதுவரை போட வேண்டிய எல்லா ஊசியும் போட்டிருந்தோம், கிளினிக் புத்தகத்தில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. எம்.எம்.ஆருக்கு மட்டும் வயது வரவில்லை.

முதலில் காய்ச்சலும் தடிமனும்தான். பணம் கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த தனியார் டொக்டர் வைரஸ் காய்ச்சல் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆரம்பத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதாம். ஆனால் கண் இரண்டும் சிவந்து, ஜன்னல் பக்கம் திருப்பினாலே பிள்ளை முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு காலை, காதுக்குப் பின்னாலும் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் சிவப்புச் சிவப்பாகக் கிளம்பியது. பின்னேரத்துக்குள் முகம் நிறைந்துவிட்டது, அடுத்த நாள் நெஞ்சும் வயிறும். அம்மா வாசல் நிலையில் வேப்பிலை செருகினார். செருகட்டும், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொரளைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஒரு டொக்டர் சின்ன டோர்ச் லைட்டை அடித்துக் கன்னத்தின் உள்பக்கத்தைக் காட்டினார். சிவந்த சதையில் உப்புத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள். பார்த்ததுமே தனி அறைக்கு மாற்றினார்கள். நியூமோனியா பிடித்துவிட்டது. மூக்கில் ஒட்சிசன் குழாயோடு, அழக்கூடச் சக்தி இல்லாமல் கிடந்தாள். தாதி வந்து விற்றமின் ஏ கப்சூலின் நுனியை வெட்டி வாயில் பிழிந்தார், அடுத்த நாளும் அதேபோல. சின்னமுத்துக்கு வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. உடம்பே போராட வேண்டும், மற்றதெல்லாம் அதற்குத் துணைதான். என் மகள் தப்பினாள். எல்லாப் பிள்ளையும் தப்புவதில்லை. ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளையில் அழற்சி வரும் என்று அந்த வார்டில்தான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) விசாரிக்க வந்தார். இது அறிவிக்க வேண்டிய நோய், அதனால் வருவார்கள். தொடர்மாடியில் ஒவ்வொரு வீடாகக் கிளினிக் புத்தகம் கேட்டுப் பார்த்தார். எங்களுக்குக் கீழ் மாடியில் நாலு வயதுப் பையன். எங்களுக்கு முன்னமே அவனுக்கு வந்து போயிருந்தது. ஒன்பது மாத ஊசியும் இல்லை, மூன்று வயதில் போடும் இரண்டாவது ஊசியும் இல்லை. அவன் எங்கள் வீட்டுக்குள் வந்ததுகூட இல்லை. ஆனால் ஒரே லிஃப்ட். நோயாளி போன பிறகும் இந்த வைரஸ் மூடிய இடத்தின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். தோலில் பரு வருவதற்கு நாலு நாள் முன்னாலிருந்தே தொற்றும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவில் ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குக் கொடுத்துவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஊசி இருந்தால்தான் ஊசி போட வயது வராத குழந்தைக்கு அரண். உங்கள் மகனின் ஊசி அவனுக்கு மட்டும் உரியது இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் மாடியிலும் ஐந்து மாதம், ஆறு மாதம் என்று யாராவது இருப்பார்கள்.

அந்தத் தாயைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் என்னிடம் வந்து அழுதார். ஊசிக்கு எதிரானவரும் இல்லை. கடையில் வேலை. கிளினிக் கிழமை நாளில், காலையில். லீவு கேட்டால் அன்றைய சம்பளம் வெட்டு. அடுத்த மாதம் பார்ப்போம், அடுத்த மாதம் பார்ப்போம் என்று போய், பிறகு கிளினிக்கில் ஊசி போடும் மிஸ் ஏசுவாரோ என்ற பயத்தில் போகாமலே விட்டுவிட்டார்.

இதைச் சொல்லும்போது எனக்கும் வயிறு எரிகிறது. என் பிள்ளை ஒட்சிசனில் கிடக்கும்போது நான் வேலை செய்த இடத்தில் கேட்ட கேள்வி, "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என் கணவரின் அலுவலகத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் லீவு எடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவே இல்லை. பிள்ளைக்கு வருத்தம் என்றால் தாயின் சம்பளம்தான் வெட்டுப்படும், தாயின் வேலைதான் ஆடும். போதாததற்கு, பார்க்க வந்த சொந்தக்காரர்களும் "நீ கவனிக்கவில்லையா?" என்று என்னிடம்தான் கேட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்வீர்கள். கிளினிக் வரிசையில் ஒரு நாள் நின்று பாருங்கள், சம்பந்தம் தெரியும்.

இனி வழக்கமாக வரும் மறுப்புகள். "மருந்துக் கம்பனிக்காரி" என்று எழுத வேண்டாம். எம்.எம்.ஆர். நம் நாட்டில் அரச கிளினிக்கில் இலவசம், எனக்கு யாரும் சதம் தரவில்லை. ஓட்டிசம் வரும் என்று வெளிநாட்டுச் சொந்தங்கள் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தால்: அந்தப் பேச்சைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் சஞ்சிகையே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. எழுதிய வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2019இல் வந்த ஆய்வில் ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. "ஊசி போட்டவர்களுக்கும் வருகிறதே" என்பார்கள். வரலாம். ஒன்பது மாதத்தில் போடும் ஒரு ஊசி நூற்றுக்கு எண்பத்தைந்து பேரளவில்தான் காக்கும். இரண்டும் போட்டால் தொண்ணூற்றேழு வரை போகும். அதனால் மூன்று வயது ஊசியையும் மறக்க வேண்டாம்.

2024 ஜனவரியில் கொழும்பு உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போட்டார்கள். அது கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என் மகள் அந்த அறையில் கிடந்திருக்க மாட்டாள் என்று இப்போதும் நினைப்பேன். உங்கள் மகனுக்கு வயது வந்துவிட்டது. ஊசியும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி வரும். அதுவும் எம்.எம்.ஆரும் உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிப்பவை. ஒரே நாளில் போடாவிட்டால் இடையில் நாலு கிழமையாவது விட வேண்டும். இதைத் தள்ளினால் அதுவும் தள்ளும்.

போகும்போது மகனின் தடிமனைப் பற்றி மிஸ்ஸிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி போட்டதும் ஓடி வராமல், சொல்லும் வரை அங்கேயே இருங்கள். ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சலோ லேசான பருவோ வந்தால் பயப்பட வேண்டாம், இந்த ஊசிக்கு அது வழக்கம். பெனடோல் சிரப் எவ்வளவு என்பதை வயதை வைத்து ஊகிக்காமல் பிள்ளையின் நிறையைச் சொல்லிக் கேட்டு வாருங்கள். குறித்த நாள் ஏற்கெனவே தவறியிருந்தால் மிஸ்ஸுக்கு ஒரு கோல் எடுத்து அடுத்த கிளினிக் எப்போது என்று கேளுங்கள். ஏசினால் ஏசட்டும், அன்றைக்கே போட்டு அனுப்புவார்.